வெட்டியே ஆக வேண்டும்

செக்கர்ஸ் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகள் முரண்டு பிடிக்கிற இடம் ஒன்றுதான். காய் குறுக்காக மட்டுமே போகும் என்றால் சரி என்பார்கள். கருப்புக் கட்டத்தை விட்டு இறங்கக் கூடாது, பின்னால் வரக் கூடாது, எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டால் ராஜா என்றாலும் சரிதான். “தாண்டுகிற இடத்தில் எதிராளி காய் நின்றால் வெட்டியே ஆக வேண்டும்” என்று சொன்னதும் சண்டை தொடங்கும். “வெட்டினா அடுத்த ஆட்டத்துல என் காய் ரெண்டு போயிடும் டீச்சர். நான் வெட்டல” என்பான் ஒருவன். வெட்டுவது என் உரிமைதானே, அது எப்படிக் கடமை ஆகும் என்பது அவன் கேள்வி. ஐரோப்பாவில் பெரிய பெரிய ஆட்டக்காரர்களே தலைமுறை தலைமுறையாக இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாக நின்றிருக்கிறார்கள் என்பதால், அவனை நான் அதட்டுவதில்லை.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சனிக்கிழமை காலையில் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பலகை ஆட்டங்கள் விளையாடுகிறேன். செக்கர்ஸ் காய் தனியாக எங்களிடம் கிடையாது. செஸ் அட்டைதான் பலகை, கேரம் காய்கள்தான் படை. கேரத்தில் ஒரு நிறத்துக்கு ஒன்பது காய்தான் உண்டு. இதற்கு 12 வேண்டும். மீதி மூன்றுக்குச் சட்டைப் பொத்தான். ராஜா ஆனால் காய் மேல் காய் ஏற்றிவிடுவோம். செஸ் பழகட்டும் என்று பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், நான் இதை விரிப்பதைப் பார்த்தால் முகம் சுளிக்கிறார்கள். “இது சின்னப் பசங்க ஆட்டமாச்சே” என்று ஒரு அப்பா நேரிலேயே சொன்னார். 1841ல் எட்கர் ஆலன் போ ஒரு துப்பறியும் கதையின் தொடக்கத்திலேயே, செஸ்ஸை விட இந்த ஆட்டம்தான் மூளையை நன்றாகச் சோதிக்கிறது என்று வாதாடியிருக்கிறார் என்றேன். அவர் போவைப் படித்தவராகத் தெரியவில்லை.

இந்த ஆட்டத்தை எந்த ஒருவரும் உட்கார்ந்து கண்டுபிடித்துவிடவில்லை. ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு காலத்தில், பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் சலிப்பிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் பழையது தாண்டி வெட்டுவது. காஸ்டீல் நாட்டு அரசர் பத்தாம் அல்போன்சோ 1283ல் செவில் நகரில் எழுதி முடிக்கச் செய்த ஆட்டங்களின் நூலில் அல்கெர்க்கே என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அரபு மக்களிடமிருந்து ஸ்பெயினுக்குப் போனது. பத்தாம் நூற்றாண்டு அரபு நூலான ‘கிதாப் அல்-அகானி’யிலேயே இதன் பெயர் வருகிறது. ஐந்துக்கு ஐந்தாக 25 புள்ளி, அவற்றைச் சேர்க்கும் கோடுகள், ஆளுக்கு 12 காய். ஆக, 24 புள்ளி நிறைந்துவிடும், நடுப்புள்ளி மட்டும் காலி. முதலில் ஆடுகிறவர் அங்கேதான் காயை வைத்தாக வேண்டும். எந்தப் பக்கத்துக் காயை எடுத்து வைத்தாலும், அது இருந்த இடம் காலியாகிவிடுவதால் எதிராளி தாண்டி வெட்டிவிட முடியும். காகிதத்தில் போட்டுப் பாருங்கள், தப்பிக்கவே வழி கிடையாது.

இதே கோலத்தில் கட்டங்கள் எகிப்தில் குர்னா கோயிலின் கூரைக் கற்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோயில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது, ஆகவே ஆட்டமும் அவ்வளவு பழையது என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டன. அதே கற்களில் கோப்டிக் கிறிஸ்தவர்களின் சிலுவைகளும் செதுக்கப்பட்டிருப்பது அந்த வாதத்துக்கு இடைஞ்சல். கோயில் இருந்த காலமெல்லாம் யார் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்து கீறியிருக்கலாம். நம் ஊர்க் கோயில் மண்டபத் தரைகளில் ஆடு புலிக் கட்டத்தைக் காட்டி, “சோழர் காலத்து ஆட்டம்” என்று சொல்லும் வழிகாட்டிகளிடமும் நான் இதையே சொல்வது வழக்கம். கல்லுக்கு வயது உண்டு. கீறலுக்குத் தனி வயது.

ஆடு புலி ஆடிப் பழகிய பிள்ளைக்கு செக்கர்ஸ் சீக்கிரம் பிடிபடுகிறது. அங்கே 23 புள்ளி, மூன்று புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி அடுத்த புள்ளி காலியாக இருந்தால் வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. புலியை நகர முடியாமல் அடைத்தால் ஆட்டுக்கு வெற்றி. செக்கர்ஸிலும் நகர்த்த வழியில்லாதவன் தோற்றவன்தான், பலகையில் அவனுக்கு எத்தனை காய் மிச்சம் இருந்தாலும். செஸ்ஸில் இதே நிலைமை சமன் ஆகிவிடும் என்பதால், செஸ் பிள்ளைகள்தான் இங்கே திகைக்கிறார்கள். இலங்கையில் நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் 1909ல் வெளியிட்ட நூலில், சிங்களவர் ஆடிய பெரலிகட்டும என்ற ஆட்டத்தை வரைந்து காட்டியிருக்கிறார். அல்கெர்க்கே கட்டத்தின் நான்கு பக்கமும் முக்கோணம் ஒட்டியது, ஆளுக்கு 23 காய். இவற்றில் எது எதற்குத் தாய் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தாண்டி வெட்டும் யோசனை பல ஊர்களில் வேர் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கோட்டுப் பலகையிலிருந்து 64 கட்டப் பலகைக்கு இந்த ஆட்டம் மாறியது ஐரோப்பாவில். எப்போது, எங்கே என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு. பலகை ஆட்டங்களின் பெரிய வரலாற்றாசிரியர் ஹெச்.ஜே.ஆர். மரே, 1100 வாக்கில் தென் பிரான்சில் என்றார். ஸ்பெயினில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1597ல் வலென்சியாவில் லொரென்சோ வால்ஸ் இதற்கென்றே புத்தகம் போடும் அளவுக்கு அங்கே ஆட்டம் முற்றியிருந்தது என்பது உண்மை. மரேயின் விளக்கம் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் நம் சதுரங்கத்தின் நிழல் விழுகிறது. இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன சதுரங்கத்தில் மந்திரி இன்றைய ராணியைப் போலப் பலகை முழுக்கப் பாய்கிற ஆள் அல்ல. குறுக்காக ஒரே ஒரு கட்டம் வைப்பார், அவ்வளவே. செக்கர்ஸ் காயின் நடை அந்தப் பழைய மந்திரியின் நடைதான். ஐரோப்பியர் அந்த மந்திரியை ஃபெர்ஸ் என்றார்கள். செக்கர்ஸ் காய்க்கும் பழைய பிரெஞ்சில் அதே பெயர். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் மந்திரி ஆவான் என்பது சதுரங்க வழக்கம். பலகையில் நிற்பவர் எல்லாருமே மந்திரிகள் என்றால் பதவி உயர்வில் எதுவாக ஆவது? ராஜாவாகத்தான்! 1243 வாக்கில் பிலிப் மூஸ்கே எழுதிய பிரெஞ்சு வரலாற்றுக் காவியத்திலேயே இந்த ராஜாவைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது.

அதுவரை வெட்டுவது இஷ்டம். கட்டாய வெட்டு 16ஆம் நூற்றாண்டில், 1535 வாக்கில் பிரான்சில் நிலைபெற்றது. உடனே எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பழைய முறையை ‘இனிய ஆட்டம்’ என்றும் புதியதைக் ‘கட்டாய ஆட்டம்’ என்றும் பெயர் வைத்து இரண்டையும் நெடுங்காலம் ஆடினார்கள். கட்டாய ஆட்டம் ஜெயித்ததற்குக் காரணத்தைப் பிள்ளைகளுக்கு நான் சொல்லி விளக்குவதில்லை, ஆட வைத்துக் காட்டுவேன். முதலில் “இஷ்டமிருந்தால் வெட்டு” என்று ஓர் ஆட்டம். இரண்டு படையும் நடுப்பலகையில் முட்டிக்கொண்டு நிற்கும். யாரும் வெட்ட மாட்டார்கள். பத்தே நிமிடத்தில் கொட்டாவி. அடுத்து கட்டாயம் வைத்து ஓர் ஆட்டம். இப்போது உன் காய் ஒன்றை அவன் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைக்கலாம். அவன் வெட்டியாக வேண்டும். வெட்டி அவன் எந்தக் கட்டத்தில் இறங்குவான் என்பது உனக்கு முன்கூட்டியே தெரியும். அங்கிருந்து நீ இரண்டைத் தாண்டி எடுக்கிறாய். எதிராளியின் கையைப் பிடித்து நாமே நகர்த்தும் அதிகாரம் அது. ஒன்றைக் கொடுத்து இரண்டை எடுப்பது, இரண்டைக் கொடுத்து மூன்றும் ராஜாவும் எடுப்பது என்று இந்த ஆட்டத்தின் அழகெல்லாம் இந்த ஒரு விதியில் பிறந்தது. “நான் வெட்டல” என்று முரண்டு பிடித்தவன்தான் அடுத்த வாரம் மற்றவனை “வெட்டுடா, வெட்டித்தான் ஆகணும்” என்று மிரட்டிக்கொண்டிருப்பான்.

வெட்ட வேண்டியதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டால்? அதற்கொரு தண்டனை வைத்திருந்தார்கள். வெட்டியிருக்க வேண்டிய காயை எதிராளி ஊதிவிட்டு எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்துவிடுவார். பிறகு தன் ஆட்டத்தையும் ஆடுவார். எனக்கு இது ஒரு குரூரமான விதியாகவே படுகிறது. தெரிந்தே வெட்டாமல் விட்டு, ஒரு காயைத் தண்டம் கட்டித் தப்பிக்கிற தந்திரத்துக்கும் அது இடம் கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கில முறைப் போட்டிகளில் இதை எடுத்துவிட்டார்கள். இன்று தவறாக நகர்த்தினால் திருப்பி வைத்து வெட்டச் சொல்வார்கள்.

ஆங்கிலத்தில் இந்த ஆட்டத்துக்கு முதலில் பெயர் பெற்ற புத்தகம் 1756ல் லண்டனில் வில்லியம் பேன் எழுதியது. அவர் கணக்கு வாத்தியார் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. புத்தகத்தின் சமர்ப்பண உரையை எழுதிக்கொடுத்தவர் அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சன். பாரிசில் 1668லேயே புத்தகம் போட்ட பியர் மாலேயும் கணக்கு ஆசிரியர்தான்.

ஆனால் வாத்தியார்கள் எழுதிய ஆட்டத்தை உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் ஸ்காட்லாந்தின் உழைப்பாளிகள். கார்லூக் என்ற சிற்றூரில் காலுறை நெய்தவர் ஆண்ட்ரூ ஆண்டர்சன். மாட்டு வியாபாரியிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் வைலிக்கு ‘மாட்டுக்காரப் பையன்’ என்ற பட்டப்பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. தாடி நரைத்த பிறகும் அப்படித்தான் அழைத்தார்கள். இருவரும் பந்தயப் பணத்துக்கு மோதிய தொடர்களில் 1847ல் ஆண்டர்சன் வென்றதைத்தான் முதல் உலகச் சாம்பியன் பட்டம் என்று கணக்கு வைக்கிறார்கள். ஆண்டர்சன் தன் புத்தகத்தில் விதிகளை ஒழுங்குபடுத்தினார். 1852ல் வந்த அதன் இரண்டாம் பதிப்புதான் பிறகு வந்தவர்களுக்குச் சட்டப் புத்தகம். 32 கருப்புக் கட்டங்களுக்கும் எண் போட்டு, 11லிருந்து 15, 23லிருந்து 19 என்று ஆட்டத்தை எழுதுவார்கள். தொடக்கங்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: கிளாஸ்கோ, ஃபைஃப், அயர்ஷயர் பெண், செருப்புத் தைப்பவர். செஸ் தொடக்கங்களின் பெயர்ப் பட்டியலில் இப்படித் தொழிலாளி வாசனை அடிக்காது. 1922ல் உலகச் சாம்பியன் ஆன ராபர்ட் ஸ்டூவர்ட், ஃபைஃப் பகுதியின் கெல்ட்டியைச் சேர்ந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பலகை மலிவு, காய் மலிவு, ஷிப்ட் முடிந்த பிறகு ஆட இடம் இருந்தால் போதும். பணக்காரன் வீட்டு ஆட்டம் இல்லை என்பதாலேயே இதைக் குறைத்துப் பேசுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அவர்கள் ஆட்டத்தை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டதில் ஒரு சிக்கல் வந்தது. 1863ல் வைலியும் ராபர்ட் மார்ட்டின்ஸும் மோதிய தொடரில் எல்லா ஆட்டமும் சமன். அதைவிட மோசம், பல ஆட்டங்கள் முதல் நகர்த்தல் தொடங்கிக் கடைசி வரை ஒன்றுக்கொன்று அச்சு அசல். தோற்க மனமில்லாத இரண்டு பேர், பத்திரமான ஒரே பாதையில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள் காசைத் திருப்பிக் கேட்டிருந்தால் நான் அவர்கள் பக்கம்தான்.

மருந்தாக வந்தது சீட்டுக் குலுக்கல். முன் வரிசையில் நான்கு காய். மூன்றுக்கு இரண்டிரண்டு வழி, ஓரத்துக் காய்க்கு ஒரே வழி; மொத்தம் ஏழு. எதிராளிக்கும் ஏழு. ஏழேழு 49. இந்த 49 தொடக்கங்களில், உடனே காய் பறிபோகிறவற்றைத் தள்ளிவிட்டு, மற்றவற்றைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து ஆட வைத்தார்கள். முதல் இரண்டு நகர்த்தலும் ஆட்டக்காரர் கையில் இல்லை. ஒரே தொடக்கத்தை ஒருமுறை கருப்பிலும் ஒருமுறை வெள்ளையிலும் ஆட வேண்டும் என்பதால் அநியாயமும் இல்லை. சில பத்தாண்டுகளில் இதையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். 1934ல் அமெரிக்கர்கள் முதல் மூன்று நகர்த்தலையும் குலுக்கலுக்கு விட்டார்கள். இன்றும் உலகப் பட்டத்துக்கான பெரிய போட்டி அந்த முறையில்தான்.

அந்த முறையில் உலகம் கண்ட மிகப் பெரிய ஆட்டக்காரர், மறுபடியும் ஒரு கணக்கு வாத்தியார். மரியன் டின்ஸ்லி, 1927ல் ஒஹாயோவில் பிறந்து, ஃபுளோரிடாவில் பேராசிரியராக இருந்தவர். 1950 தொடங்கி 1995ல் சாகும்வரை அவர் தோற்ற ஆட்டங்கள் பத்துக்கும் குறைவு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழு 1989ல் சினூக் என்ற கணினி நிரலை எழுதத் தொடங்கியது இந்த ஒரு மனிதரை வெல்வதற்காகத்தான். 1990ல் ஓர் ஆட்டத்தில் சினூக் பத்தாவது நகர்த்தலை வைத்ததும், இதற்காக வருந்துவீர்கள் என்ற பொருளில் டின்ஸ்லி சொன்னாராம். ஆட்டம் முடிந்து ஷேஃபர் கணினியை விட்டு ஆராய்ந்து பார்த்தபோது, தோல்விக்குக் காரணம் அந்த நகர்த்தல்தான் என்று தெரிந்தது. கணினியோடு உலகப் பட்டத்துக்கு ஆட அமைப்புகள் அனுமதிக்காதபோது, டின்ஸ்லி பட்டத்தையே துறந்துவிட்டு ஆட வந்தார். 1992ல் லண்டனில் நான்கு வெற்றி, இரண்டு தோல்வி, 33 சமன் என்று ஜெயித்தார். 1994ல் பாஸ்டனில் ஆறு ஆட்டம் சமன் ஆன நிலையில் உடல்நலம் கெட்டு விலகினார். அடுத்த ஆண்டு புற்றுநோயில் போய்விட்டார்.

ஷேஃபர் நிறுத்தவில்லை. 2007ல், இரண்டு பக்கமும் பிழையே செய்யாமல் ஆடினால் செக்கர்ஸ் சமனில்தான் முடியும் என்று நிரூபித்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். பலகையில் வரக்கூடிய நிலைகள் 5க்குப் பின்னால் இருபது சைபர். 1863ல் மார்ட்டின்ஸும் வைலியும் பார்வையாளர்களைக் கொட்டாவி விட வைத்துச் சொன்ன அதே முடிவுதான், பதினெட்டு வருடக் கணக்குக்குப் பிறகு வந்தது. அதனால் ஆட்டம் செத்துவிட்டது என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிழை செய்யாமல் ஆடும் இரண்டு பேர் என் நூலகத்துக்கு இதுவரை வரவில்லை.

இதுவரை சொன்னது ஆங்கில முறை. பாரிசில் 18ஆம் நூற்றாண்டிலேயே பத்துக்குப் பத்து பலகை பிடித்துப்போய்விட்டது. ஆளுக்கு 20 காய், காய் பின்னாலும் வெட்டும், ராஜா குறுக்குக்கோடு முழுக்கப் பறக்கும், அதிகக் காய் கிடைக்கிற பக்கம்தான் வெட்ட வேண்டும். காபிக் கடைக்காரர் மனூரி 1770ல் அதற்குப் புத்தகம் எழுதினார். இதற்குப் ‘போலந்து ஆட்டம்’ என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பதற்கு நம்பும்படியான காரணம் யாரும் சொல்லவில்லை. செனகல் நாட்டு பாபா சி இந்தப் பெரிய பலகையில் சோவியத் சாம்பியன் ஐசர் கூப்பர்மனோடு பட்டத்துக்கு மோத வேண்டியிருந்தது. அந்தப் போட்டி நடக்கவே இல்லை. 1978ல் விபத்தில் அவர் இறந்து, 1986ல்தான் அவரை 1963ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். துருக்கியில் ஆளுக்கு 16 காய், குறுக்காகப் போகாமல் நேராகவும் பக்கவாட்டிலும் நகரும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 12க்கு 12 பலகை, ஆளுக்கு 30 காய். ஊதி எடுக்கும் தண்டனை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே புதிய ஒருவரோடு ஆட உட்காரும்போது காய் அடுக்குவதற்கு முன்னால் நான்கு விஷயம் பேசி முடித்துவிடுங்கள்: சாதாரணக் காய் பின்னால் வெட்டுமா, ராஜா ஒரு கட்டமா பறக்குமா, இரண்டு வெட்டு இருந்தால் பெரியதைத்தான் எடுக்க வேண்டுமா, வெட்ட மறந்தால் தண்டனை உண்டா. வெட்டியே ஆக வேண்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள். வெட்டியே ஆக வேண்டும்.